தாளம் போட முடியாத எட்டு நிமிடம்

ஒலிவியே மெசியானின் ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ பற்றி எங்கே வாசித்தாலும் முதலில் பனி கொட்டும். அடுத்து முள்ளுக்கம்பி வரும். பிறகு ஐயாயிரம் கைதிகள், மூன்றே தந்தியோடு ஒரு செல்லோ, கட்டை அமுங்கினால் எழும்பாத பியானோ. கடைசியில் மனித ஆன்மா வெற்றி பெறும். கச்சேரிக்கு முதல் ஒருவர் மேடையேறி இதையெல்லாம் சொல்லி முடிக்கிற நேரம், கேட்க வந்த சனம் அரைவாசி அழுது முடித்திருக்கும். பிறகு காதுக்குள் இசை எங்கால போறது?

பாரிஸில் இருக்கிற மருமகன் எனக்கு இணைப்பு அனுப்பினபோதும் இந்தக் கதையைத்தான் கூடவே அனுப்பியிருந்தான். “மாமா, எங்கட ஆக்கள் கட்டாயம் கேக்க வேணும். முகாமுக்குள்ள இருந்து எழுதின மியூசிக்.” அவன் சின்னப் பிள்ளையாக வெளிநாடு போனவன், முகாம் பார்க்காதவன். நான் பார்த்தவன். 2009இல் செட்டிகுளம் மெனிக்பாமுக்கு வந்து சேர்ந்த இலட்சக்கணக்கான சனத்தில் நாங்களும் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். முகாமில் இருந்தவனுக்கு முகாம் இசை பிடிக்கத்தான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. அந்த இணைப்பைக் கனகாலம் திறக்கவேயில்லை. திறந்த பிறகு விட முடியவில்லை. ஆனால் அவன் சொன்ன காரணத்துக்காக இல்லை.

எட்டுப் பகுதிகள் உள்ள அந்த நால்வர் இசையில் மூன்றாவது பகுதிக்குப் பெயர் ‘பறவைகளின் பாதாளம்’. பியானோ, வயலின், செல்லோ மூன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, கிளாரினெட் மட்டும் வாசிக்கிறது. துணைக்கு ஒரு சுருதிப் பெட்டி கூடக் கிடையாது. இன்றைக்குக் கிளாரினெட் படிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்க இதைத் தனிப் படைப்பாகவே எடுத்து வாசிக்கிறார்கள். போன நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரருக்குத் தனியே ஊதுகிற வாத்தியத்தில் ஒரு மோகம் இருந்தது. தெபுசி 1913இல் ஒரு நாடகத்துக்காக, திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க என்று, புல்லாங்குழலுக்கு மட்டும் ‘சிரிங்ஸ்’ எழுதினார். பிரான்சில் பிறந்து அமெரிக்கா போன வரேஸ் 1936இல் பிளாட்டினத்தில் செய்த ஒரு புல்லாங்குழலுக்கென்றே ஒன்று எழுதினார். அதெல்லாம் மூன்று நாலு நிமிடக் காரியம். மெசியான் எட்டு நிமிடத்துக்கு ஒரு மனிசனைத் தனியே நிற்க விட்டுவிட்டார்.

அந்த மனிசனின் பெயர் ஓன்ரி அக்கோக்கா. அல்ஜீரியாவில் பிறந்த யூதர், தொழில்முறைக் கிளாரினெட் கலைஞர். மெசியான் 1908இல் அவிஞ்ஞோனில் பிறந்தவர், 1931இலிருந்து பாரிஸ் திரினிதே தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர், தீவிர கத்தோலிக்கர். போர் வந்தபோது கண்பார்வை மோசம் என்று அவரைத் துவக்கோடு முன்னுக்கு அனுப்பாமல் மருத்துவ உதவிப் பக்கம் போட்டார்கள். வெர்டனில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். கூட எத்தியென் பஸ்கியே என்ற செல்லோக்காரரும் இருந்தார். விடியப்புறக் காவல் என்றால் மற்ற ஆமிக்காரர் ஒளிப்பார்கள், மெசியான் அதை விரும்பிப் போவார். வெளிச்சம் வரமுதல் ஒரு பறவை தொடங்கி, பிறகு இன்னொன்று சேர்ந்து, கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கத்துகிற அந்த நேரம் அவருக்குத் தேவைப்பட்டது.

1940 ஜூனில் ஜெர்மன்காரரிடம் பிடிபட்டார்கள். நான்சி நகரத்துக்குக் கிட்ட, தூல் என்ற இடத்தில் ஒரு திறந்த வெளியில் கைதிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வெளியில்தான் அக்கோக்கா இந்த மூன்றாவது பகுதியை முதன்முதலாக வாசித்துப் பார்த்தார். நோட்டுத் தாளை வைக்கத் தாங்கி இல்லை. பஸ்கியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இது வாசிக்கக்கூடியது இல்லை என்று அக்கோக்கா முணுமுணுக்க, முடியும், செய்துபார் என்று மெசியான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, மருமகன் சொன்ன முகாமுக்கு அவர்கள் இன்னும் போய்ச் சேரவேயில்லை. அந்த முகாம், கோர்லிட்ஸ் நகரத்தில் இருந்த ஸ்டாலாக் எட்டு-ஏ, பிறகுதான். அங்கே வயலின்காரர் ழான் லு புலேர் சேர்ந்தார். கார்ல் ஆல்பர்ட் ப்ரூல் என்ற ஜெர்மன் காவல் அதிகாரி எழுதத் தாளும் பென்சிலும் கொடுத்து, மெசியானைத் தொந்தரவில்லாமல் இருக்க விட்டார். மற்றப் பகுதிகள் எழுதி முடிந்து, 1941 ஜனவரி 15 பின்னேரம் ஒரு கொட்டகைக்குள் முழுவதும் அரங்கேறியது. குளிர் உண்மை. பனி உண்மை.

ஐயாயிரம் பேர் என்று சொன்னது மெசியான் தான். அந்தக் கொட்டகை சில நூறு பேருக்கு மேல் கொள்ளாது. மூன்று தந்தி என்றும் அவரே சொன்னார். செல்லோவை மடியில் வைத்திருந்த பஸ்கியே, இல்லை, நாலும் இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் திருத்திச் சொன்னார். மூன்று தந்தியில் அதை வாசிக்கவும் முடியாது. ரெபேக்கா ரிஷின் என்ற அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் அப்போது உயிரோடிருந்தவர்களையும் குடும்பத்தவர்களையும் தேடிப்பிடித்துக் கேட்டு, 2003இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டார். அதற்காக நான் மெசியானைக் குறை சொல்லமாட்டேன். நாங்களும் பங்கர் கதை சொல்லும்போது செல் விழுந்த இடம் வருசத்துக்கு வருசம் கிட்டத்தானே வருகிறது.

நான் படிப்பிக்கிறது கணிதம். இசையில் எனக்குக் காது மட்டும்தான் உண்டு. அதனால் எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணை ஒருவரிடம் போனை எடுத்துக்கொண்டு போனேன். கிளாரினெட் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “ஏ.கே.சி. நடராஜனோ?” என்றார். கேட்பார் என்று எதிர்பார்த்ததுதான். திருச்சியில் பிறந்து நாதஸ்வரமும் படித்த நடராஜன், வெள்ளைக்காரனின் வாத்தியத்தைக் கமகம் பேசத் தக்கதாக மாற்றி, கர்நாடகக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக உட்கார வைத்தவர். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மிகவும் பிந்தி. அதற்கும் முதல், சதிருக்கு வாசித்த சின்னமேளத்தில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்து உட்கார்ந்து நூறு வருசத்துக்கு மேல். எங்களுக்கு இது அந்நிய வாத்தியமே இல்லை.

“நடராஜன் இல்லை அண்ணை, ஒரு பிரெஞ்சுக்காரர்,” என்று போட்டுவிட்டேன்.

தொடக்கம் மெல்ல நடக்கிற ஒரு மெட்டு, மேலே போகப் பார்த்துத் திரும்பி இறங்குகிறது. அதன்பிறகு வருகிறது அந்த நீளச் சுரம். ஒரே ஒரு சுரம். முதலில் போன் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்ப்பீர்கள். பிறகு ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வரும். பிறகு இருக்கிறது என்று நிச்சயம் வரும். அது வளர்ந்து, தடித்து, அறையை நிரப்பி, காதைக் குத்துகிற அளவுக்கு வந்து, டக்கென்று அறுந்து போகும். இவ்வளவுக்கும் பத்து விநாடிக்கு மேல் ஓடும், நடுவில் மூச்சில்லை.

அண்ணை கையைக் காட்டினார். “நிப்பாட்டு. பின்னுக்குப் போ.”

திரும்பப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “மூச்சு எங்க எடுத்தவர்?”

“எடுக்கேல்லை.”

“எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியுது. அதுக்கு முதல் எங்க எடுத்தவர் எண்டு கேக்கிறன். அந்தச் சத்தமே கேக்கேல்லையே.”

பிறகு அவர் சொன்னதுதான் நான் எங்கேயும் வாசிக்காத பாடம். சத்தமாக ஊதுவது சுகம், பழகினால் யாரும் ஊதலாம். சத்தம் பிறக்கிற அந்த முதல் இடத்தைப் பிடிப்பதுதான் வில்லங்கம். காற்றுக் குறைந்தால் சீவாளி பேசாது. ஒரு மயிரிழை கூடினால் வெடித்துப் பேசும். அந்த இரண்டுக்கும் நடுவில் சீவாளி மெல்ல அதிரத் தொடங்குகிற ஒரு புள்ளி இருக்கிறது. நாதஸ்வரச் சீவாளி இரட்டை நாக்கு, முரட்டுச் சாமான், அந்தப் புள்ளியில் நிற்க விடாது. கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு, கொஞ்சம் சொல்வழி கேட்கும். “ஆனா எந்தச் சீவாளியெண்டாலும் வயிறுதான் பிடிக்கவேணும். உந்த மனிசன் பிடிபட்டு வெளியில கிடக்கேக்க வாசிச்சதெண்டு சொல்லுறாய். சாப்பாடு ஒழுங்கா இருந்திராது. வெறும் வயித்தோட உதை வாசிக்கேலாது தம்பி. தலை சுத்தும்.”

அக்கோக்கா முணுமுணுத்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் பிடிபட்டது. இசை வரலாறு எழுதுகிறவர்கள் அதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதற்கிடையில் அண்ணையின் வலது கை தொடையில் தாளம் போடத் தொடங்கியிருந்தது. தட்டி, விரல் எண்ணி, வீசப் பார்த்து, பிழைத்தது. திரும்பத் தொடங்கினார், திரும்பவும் பிழைத்தது. நாற்பது வருசம் தவிலோடு வாசித்த கை அது. சிரித்துவிட்டார். “வேணுமெண்டு ஆளை விழுத்திறான்.”

உண்மையில் அப்படித்தான். மெசியான் இதற்குத் தாளக் குறியே போடவில்லை. அடிப்படை அலகு நிமிடத்துக்கு 44 என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒன்றே கால் விநாடிக்கு மேல் வரும். நிதானமாக இருக்கிற மனிசனின் நாடித் துடிப்பை விட மெதுவானது. அதற்குள் சுரங்களின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். சரியாகப் போகிறது என்று நீங்கள் நம்புகிற இடத்தில் ஒரு அரைக்கால் சேர்த்துவிடுவார். கணக்கு இருக்கிறது, ஆனால் வட்டம் இல்லை. எங்களுக்குத் தாளம் என்றால் திரும்பி வருவது. எவ்வளவு தூரம் போனாலும் சமத்தில் வந்து சேருவோம் என்ற நம்பிக்கையில்தான் தனியாவர்த்தனமே நடக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. இந்த மெசியான் இந்தியத் தாளங்களை விழுந்து விழுந்து படித்தவர். லாவிஞ்ஞாக் என்பவர் தொகுத்த பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில், 13ஆம் நூற்றாண்டுச் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் வருகிற 120 தேசி தாளங்களின் பட்டியல் இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டார். இதே நால்வர் இசையின் முதல் பகுதியில் பியானோவின் கையில் இராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்று மூன்று தாளங்களை ஒட்டி, 17 கால அளவுகள் கொண்ட ஒரு சங்கிலி ஓடுகிறது. அதன்மேல் 29 சுரக்கூட்டுகள் கொண்ட இன்னொரு சங்கிலி. 17உம் 29உம் பகா எண்கள். இரண்டும் தொடங்கின இடத்தில் மீண்டும் ஒன்றாகச் சேர வேண்டுமானால் 493 தட்டு வேண்டும். அந்தப் பகுதி அதில் பாதி தூரம் கூடப் போகாமல் நின்றுவிடும். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பொது மடங்கு படிப்பிக்கையில் நான் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கணக்கு விளங்கியது, பாட்டு வேண்டாம் சேர் என்றார்கள். முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றாக வருகிற லயங்களிலும் அவருக்குப் பைத்தியம். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை யாராவது அந்த ஆளுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு மெசியான் எங்கள் இசையைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார் என்று மார்தட்டுகிற கட்டுரைகளை நான் ஏற்கமாட்டேன். அவர் எடுத்தது புத்தகத்தில் இருந்த நீளங்களை. கையையும் சமத்தையும் அவர் எடுக்கவில்லை. உண்மையில் ஒரு தமிழ்க் குரலைக் காதால் கேட்டு எழுதின பிரெஞ்சுக்காரர் அவருக்கு முந்தினவர். ராவெலின் சீடர் மொரிஸ் டெலாஜ், கோயம்புத்தூர் தாயி அம்மாளின் இசைத்தட்டைக் கேட்டு, ‘ராகமாலிகா’ என்று ஒரு குரல் பாட்டு எழுதினார். பியானோவில் ஒரு தந்தியை அமுக்கி மத்தளச் சத்தம் வரச் செய்தார். அது வேறு பதிவுக்கு உரியது.

சரி, விட முடியாமல் போன காரணம் என்று மேலே சொன்னேன் அல்லவா?

வெளியில் இருக்கிறவர்கள் முகாம் என்றதும் பசி, நோய், சாவு என்று யோசிப்பார்கள். அதெல்லாம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொட்டில் வாசலில் குந்தி இருக்கிறவனுக்கு முன்னால் மலை போல நின்றது நேரம். விடிந்தால் வாளிகளை வரிசையில் வைக்க வேண்டும். தண்ணீர்ப் பவுசர் வருகிற நேரத்துக்கு மனிசர் நிற்கத் தேவையில்லை, வாளி நின்றால் போதும். பிறகு ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். யாரோ சொந்தக்காரர் பார்க்க வந்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஏதோ பதிவு. தன் பெயர் வராது என்று தெரிந்தவனும் வாசித்து முடியும் வரை அசையமாட்டான். பிறகு மத்தியானம். தறப்பாளுக்குள் இருக்க முடியாத வெக்கை. பிறகு என்ன? எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாததால், எந்த நாளும் இன்னொரு நாளை நோக்கிப் போகவில்லை. அந்த முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். ‘சிவ நடனம்’ எழுதின கலாயோகியின் பெயரை நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்தது ஒரு நிவாரண அட்டையில். 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்களையும் அனுப்பி முகாமை மூடினார்கள். எங்களை அதற்கு முன்பே விட்டுவிட்டார்கள்.

மெசியான் இந்த இசைக்கு எழுதின முன்னுரையில், பாதாளம் என்று தான் சொல்வது காலத்தை, அதன் துயரத்தையும் களைப்பையும் என்கிறார். அதை வாசித்த இடத்தில் எனக்கு அவர்மேல் முதல்தரம் மரியாதை வந்தது. கம்பி வேலியையோ காவலாளியையோ அவர் பாதாளம் என்று சொல்லவில்லை. இதை எழுதும்போது அவருக்கு ஸ்டாலாக்கின் குளிர்காலம் இன்னும் தெரியாது, ஆனால் பிடிபட்டவனுக்கு நேரம் என்ன செய்யும் என்பதை எப்படியோ பிடித்துவிட்டார். சமம் வராத அந்த எட்டு நிமிடம், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நீண்டுகொண்டே போகிற அந்தச் சுரம், அப்படித்தான் இருந்தது. அழுகை இல்லை, ஓலம் இல்லை. நீளம் மட்டும்.

பறவைகள் நடுவில் வருகின்றன. கிளாரினெட் திடீரென்று துள்ளும், கொத்தும், மேலிருந்து கீழே சறுக்கும், எந்தக் கவலையும் இல்லாமல் கிறுக்குத்தனமாக விளையாடும். மெசியானுக்குப் பறவை என்றால் காலத்துக்கு எதிரானது. வெளிச்சம், வானவில், நட்சத்திரம் எல்லாவற்றுக்குமான ஆசை. இந்த இடத்தில் நான் அவரோடு கொஞ்சம் சண்டை பிடிப்பேன். வன்னியில் பறவைச் சத்தம் அவ்வளவு வெள்ளந்தியானது இல்லை. இரணைமடுப் பக்கம் இரவில் ஆட்காட்டி கத்தினால் அந்தக் காலத்தில் ஒருவரும் பாட்டென்று கேட்கவில்லை. ஆள் நடமாட்டம் என்று விளக்கை நூர்ப்போம். ஆனால் எழுதின இசை அவர் முன்னுரையை விடக் கெட்டித்தனமானது. பறவைகள் யாரையும் மீட்பதில்லை. அவை விளையாடிவிட்டுப் போகின்றன. பழைய மெட்டு திரும்பி வருகிறது, இன்னும் ஆழத்தில், கிளாரினெட்டின் அடித் தொண்டையில். ஆன்மாவின் வெற்றி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை எப்படிக் கடந்து போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கோக்காவின் மிச்சக் கதையையும் சொல்லிவிட வேண்டும். மெசியானும் பஸ்கியேயும் 1941 தொடக்கத்திலேயே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார்கள். மெசியானுக்கு அதே வருசம் பாரிஸ் இசைக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அக்கோக்கா யூதர் என்பதால் கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டார். முகாமில் இருக்கும்போதே தப்பி ஓடப் பார்த்தவர் அவர். மெசியானையும் கூப்பிட்டார், கடவுள் விருப்பம் என்று மெசியான் மறுத்துவிட்டார். 1941 ஏப்ரலில், கைதிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற ரயிலில் இருந்து அக்கோக்கா குதித்தார், கிளாரினெட்டைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு. பிழைத்து, 1975 வரை இருந்தார். சும்மா இருந்து காலத்தைத் தியானிக்கிற ஆள் இல்லை அவர். அப்படிப்பட்ட ஒரு துடியாட்டக்காரனின் மூச்சை நம்பித்தான் மெசியான் இவ்வளவு மெதுவான ஒன்றை எழுதினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு பதிவுகள். 1956இல் மெசியானே பியானோ வாசித்த பதிவு ஒன்று உண்டு. அதில் கிளாரினெட் ஆந்திரே வசெலியே, செல்லோ அதே பஸ்கியே. சத்தம் பழசு, ஆனால் அலங்காரம் இல்லாத வாசிப்பு. மற்றது 1970களில் ‘தாஷி’ என்ற அமெரிக்கக் குழு வாசித்தது. அதில் ரிச்சர்ட் ஸ்டோல்ட்ஸ்மன் அந்த நீளச் சுரத்தைத் தொடங்குகிற இடம் அண்ணைக்குப் பிடித்தது. வசெலியே அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு வசெலியேதான். இதில் எங்களுக்குள் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. எதைப் போட்டாலும், சத்தம் கேட்கவில்லை என்று ஹெட்போனைக் கூட்டி வைக்காதேங்கோ. அடுத்த பத்து விநாடியில் காதைப் பிய்த்துவிடும்.